டெல்லி வரைந்தால் அநீதி, ஊரில் வரைந்தால் நிர்வாகமா?

2025 மார்ச் 22 அன்று, தொகுதி மறுவரையறையை எதிர்த்துத் தமிழ்நாட்டு முதல்வர் சென்னையில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் வந்திருந்தார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் நாடாளுமன்றப் பங்கைக் குறைக்கக் கூடாது, இப்போதுள்ள பங்கீட்டை இன்னும் 25 ஆண்டுகளுக்கு அப்படியே வைக்க வேண்டும் என்று அந்தக் கூட்டம் கேட்டது. கோரிக்கை சரியானது. ஒரு மக்கள் கூட்டத்தின் குரலை ஒடுக்கத் துப்பாக்கி தேவையில்லை, ஒரு வரைபடம் போதும் என்பதைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் அன்று சரியாகவே புரிந்து பேசின.

அந்தப் புரிதல் மாநில எல்லைக்குள் வந்ததும் எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி. டெல்லி கோடு போட்டால் அது அநீதி. எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் ஓர் ஊராட்சியில், சேரியை மூன்றாகக் கிழித்து மூன்று வார்டுகளில் ஒட்டவைத்தால் அதற்குப் பெயர் நிர்வாக வசதியா? 39 மக்களவைத் தொகுதிகளில் ஒன்று போனாலும் மாநிலம் கொந்தளிக்கும் என்கிறவர்கள், 450 ஊராட்சிகள் உள்ள ஒரு மாவட்டத்தில் எத்தனை காலனிகளின் வாக்கு சிதறடிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

நான் உள்ளாட்சி இடஒதுக்கீடு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். என் அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் சரவெடி பின்னியவர். ஆய்வுக்காக நான் போன ஊர்களில் ஒன்று எங்கள் ஊருக்கு ரொம்பத் தூரமில்லை. அங்கே தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர், அதுவரை பட்டாசுக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா. ஊர் பெயரும் அவர் பெயரும் வேண்டாம், நாளைக்கு அவர் திரும்பவும் அதே வேலைக்குப் போயாக வேண்டும்.

காலனித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் காயில் கருகிவிட்டது. தலைவர் உடனே ஆளைக் கூப்பிட்டுப் பழுது பார்க்கச் சொன்னார். பணம் கொடுக்கக் காசோலை எழுத வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவர் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், பட்டாசு வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் காண்ட்ராக்டர். இந்த அக்காவே அவரிடம் அட்வான்ஸ் வாங்கி வேலைக்குப் போனவர்தான். "ரெண்டு நாள் கழிச்சு வா" என்றார். இரண்டு நாள் பத்து நாள் ஆனது. பெண்கள் தோட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் கேட்டு நின்றார்கள்.

"தம்பி, செக்குல நான் போடுற கையெழுத்து பாதிதான். மிச்சப் பாதி அவரு வீட்டுத் திண்ணையில இருக்கு" என்றார் அந்த அக்கா.

அந்த மிச்சப் பாதி அவர் வீட்டுத் திண்ணைக்கு எப்படிப் போனது? வார்டு வரைபடத்தின் வழியாகத்தான் போனது. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆகவே வார்டு உறுப்பினர்களில் பெரும்பான்மை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கையில் துணைத்தலைவர் பதவியும் காசோலையின் பாதியும் போய்விடும். அந்த ஊரில் காலனியின் கீழத்தெரு ஒரு வார்டில், மேலத்தெரு இன்னொரு வார்டில், புதிதாக வீடு கட்டிப் போன பத்திருபது குடும்பங்கள் மூன்றாவது வார்டில். மூன்றிலும் ஊர்த்தெரு வாக்காளர்களே அதிகம். ஒரே இடத்தில் கூடி வாழும் மக்கள், வாக்குச் சீட்டைக் கையில் எடுத்ததும் மூன்று இடத்தில் சிறுபான்மையாகிவிடுகிறார்கள்.

பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய வார்டு ஒன்று அங்கே உண்டு. அதிலும் யார் வெல்வது என்பதை ஊர்த்தெருதான் தீர்மானிக்கிறது. பண்ணை வேலைக்கு வருகிறவர், எதிர்த்துப் பேசாதவர், துணைத்தலைவர் தேர்தலில் கை தூக்கச் சொன்னால் தூக்குகிறவர், அவரே உறுப்பினர். இப்படியாக, இடஒதுக்கீடு நாற்காலியைக் கொடுக்கிறது, வரைபடம் அந்த நாற்காலியின் கால்களை வாங்கிக்கொள்கிறது.

"அநியாயம் என்றால் நீதிமன்றம் போக வேண்டியதுதானே" என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். போக முடியாது. அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு, ஊராட்சித் தொகுதிகளை வரையறுக்கும் சட்டத்தையும் அவற்றுக்கு இடங்களைப் பங்கிடும் சட்டத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்கிறது. 1995-இல் உத்தரப் பிரதேச ஊராட்சிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆட்சேபம் கேட்கவே இல்லை, விசாரிக்கவே இல்லை என்றால் மட்டும் ஒரு சிறு வழி உண்டு. அதுவும் தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு கிடையாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? வரைவுப் பட்டியலை ஒன்றிய அலுவலகச் சுவரில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து ஆட்சேபம் எழுத வேண்டிய மக்கள் காலை ஏழு மணிக்கே ஆபீஸ் வேனில் ஏறிப் போயிருப்பார்கள். கெடு முடியும். "ஆட்சேபம் பெறப்படவில்லை" என்று கோப்பு மூடப்படும். சட்டப்படி எல்லாம் சரி.

வேட்பாளருக்கு நேரும் அநீதியும் இதே கதைதான். இந்த விதியின் வேர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் தலையிடாது, தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனு போட்டுக்கொள்ள வேண்டும். தேர்தல்கள் வழக்குகளில் சிக்கி நிற்கக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஒரு காலனிக்காரரின் மனுவை அற்பக் காரணத்துக்குத் தள்ளினால் அந்த நியாயம் அவருக்கு என்ன தருகிறது? தேர்தல் முடியும்வரை காத்திருந்து, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து, தீர்ப்பு வரும்போது பதவிக்காலம் முடிந்திருக்கும்.

2024-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. மறுவரையறை ஆணை அப்பட்டமாகத் தன்னிச்சையானது, அரசியலமைப்பு விழுமியங்களுக்கு ஒவ்வாதது என்றால் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கலாம் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தக் கதவைத் தட்டியது யார் என்று பாருங்கள். குஜராத்தின் பார்டோலி சட்டமன்றத் தொகுதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. தனித்தொகுதி வேண்டாம் என்கிறவருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வசதி இருக்கிறது. சேரியை மூன்றாக உடைக்காதே என்கிறவருக்கு ஒன்றிய அலுவலகம் வரை போகவே ஒரு நாள் கூலி போகிறது.

திருப்பத்தூர் மாவட்டம் நாயக்கனேரியையும் இங்கே நினைக்க வேண்டும். 2021 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு பெண் மனுத் தாக்கல் செய்து போட்டியின்றித் தேர்வானார். ஒதுக்கீடே தவறு என்று ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், அவர் பதவியேற்கத் தடை வந்தது. ஒதுக்கீட்டு முறையில் குறை இருந்திருக்கலாம், அதைத் தனியே விவாதிக்கலாம். ஆனால் தேர்தலில் தலையிட மாட்டோம் என்ற எழுபதாண்டு விதி, தலித் பெண் வென்ற இடத்தில் மட்டும் எப்படி இவ்வளவு இளகியது?

இனி எங்கள் மாவட்டத்தின் பழைய கணக்குக்கு வருகிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற மூன்று பெயர்களைத் தமிழ்நாடு அறியும். அவை மதுரை மாவட்டம். நான்காவது பெயர் கொட்டக்கச்சியேந்தல், அது விருதுநகர் மாவட்டம். 1996-இல் இந்த நான்கு ஊராட்சிகளும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே ஆதிக்க சாதியினர் தேர்தலை நடக்கவிடவில்லை. மனுவே வராமல் பார்த்துக்கொண்டார்கள். இல்லையென்றால் தாங்களே ஒருவரை நிறுத்தி வெல்லவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் வாங்கினார்கள். சுழற்சி வரும், ஒதுக்கீடு அடுத்த ஊருக்குப் போகும், அதுவரை பொறுத்திருப்போம் என்பதுதான் ஊர்க் கணக்கு. பக்கத்திலேயே மேலவளவில் அந்த மிரட்டலை மீறித் தலைவரான முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசே முன்கூட்டி விடுதலை செய்தது.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியேற்றார்கள், நீடித்தார்கள். இடையில் அரசியலமைப்பு மாறவில்லை, 1994 ஊராட்சிகள் சட்டத்தில் புது அதிசயம் எதுவும் நுழையவில்லை. அரசு நடத்த நினைத்தது, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தது, நடந்தது. அப்படியென்றால் அதற்கு முந்தைய பத்தாண்டுகள் நடக்காமல் போனதற்கு யார் பொறுப்பு? சட்டம் போதவில்லை என்று சொல்ல முடியுமா? 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் பாப்பாபட்டிக்குப் போய்க் கிராம சபையில் உட்கார்ந்தார். மகிழ்ச்சி. பழைய வெற்றியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதோடு அரசின் வேலை முடிந்துவிடுவதில்லை.

ஏனென்றால் இப்போது யாரும் ராஜினாமா கடிதம் எழுதி வாங்குவதில்லை. தேர்தலையே நடத்தாமல் இருந்துவிட்டால் போதுமே! 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இடஒதுக்கீடு விதிப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கு அது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள், மறுபடி வழக்கு என்று மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அப்படித் தேர்வான 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது, விருதுநகரும் அதில் ஒன்று. மறுநாளே திரும்பவும் தனி அலுவலர்கள். முன்பு அ.தி.மு.க. ஆட்சி, பின்பு தி.மு.க. ஆட்சி. பூட்டு மட்டும் ஒன்றுதான்.

அரசியலமைப்பின் 243-இ பிரிவு ஐந்தாண்டுக்கு மேல் ஒரு நாள் கூடாது, அதற்குள் புதிய தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கிலும், 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. மறுவரையறை முடியவில்லை என்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்பது 2022 தீர்ப்பின் சாரம். ஆக, சேரிக்காரர் கேட்டால் "வரைபடத்தில் கை வைக்க முடியாது" என்கிறது சட்டம். அரசு கேட்டால் "வரைபடம் தயாராகும்வரை பொறுங்கள்" என்று தேர்தலையே நிறுத்திக்கொள்கிறது நிர்வாகம். இரண்டு விதத்திலும் இழப்பவர் ஒருவரே. ஊர்ப் பெரிய வீட்டுக்காரருக்குத் தனி அலுவலரைப் பார்க்கத் தேர்தல் தேவையில்லை, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போவார். தலைவர் நாற்காலி ஒன்றுதான் காலனிக்கு அலுவலகக் கதவைத் திறந்த சாவி.

வேட்பாளர் தகுதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதில் சிவகாசிக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. தீப்பெட்டி ஆபீஸிலும் பயர் ஆபீஸிலும் இருக்கும் குழந்தைகள் பள்ளியில் இருக்க வேண்டியவர்கள், வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சரியாகப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் 10 அன்று, அதே நீதிமன்றம் ஹரியானா ஊராட்சிச் சட்டத்தைச் செல்லும் என்றது. ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்குப் பள்ளிப் படிப்புத் தகுதி வேண்டும், வீட்டில் கழிப்பறை வேண்டும், மின் கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் அது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்து எங்கள் ஊர்க்காரர் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏற்றப்பட்ட பெண் குழந்தை. உன் படிப்பைத் திருடிவிட்டார்கள் என்று 1996 சொல்கிறது. படிக்காதவளுக்கு நாற்காலி எதற்கு என்று 2015 கேட்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தகுதி விதி இல்லை, இருந்திருந்தால் அந்த அக்கா மனுவே போட்டிருக்க முடியாது. ஆனால் தேர்தலில் நிற்கும் உரிமையைப் படிப்பாலும் கழிப்பறையாலும் அளக்கலாம் என்ற கொள்கைக்கு நீதிமன்ற முத்திரை கிடைத்துவிட்டது. எந்த மாநில அரசும் நாளை அதை எடுத்துக்கொள்ளலாம். "படித்தவர்கள் வந்தால் ஊழல் குறையும்" என்று நம் டீக்கடைகளில் பேசுகிறவர்கள் யாரை வெளியே தள்ளச் சொல்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஓர் ஊராட்சி நாற்காலிக்கு இவ்வளவு பேச வேண்டுமா? பட்டாசுப் பகுதிக்கு வந்து பார்த்தால் தெரியும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று எங்கள் ஊர்களின் பெயர்கள் நாளிதழ்களில் வருவதே சாவு எண்ணிக்கையோடுதான். ஆலை உரிமம் வெடிபொருள் துறையும் மாவட்ட நிர்வாகமும் கொடுப்பது, ஊராட்சி அதில் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனாலும் ஊராட்சிக்கு வீட்டு வரியும் தொழில் வரியும் வருகின்றன. கிராம சபை இருக்கிறது. எந்த ஷெட் உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது, எந்த அறையில் நாலு பேருக்குப் பதில் பத்துப் பேரை உட்காரவைக்கிறார்கள், எந்த வீட்டுத் திண்ணையில் மருந்து அடைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அதைக் கிராம சபையில் எழுந்து கேட்டுத் தீர்மானமாக எழுதவைக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? கருகிப்போகிறவர்களின் தெருவிலிருந்து வந்த தலைவருக்குத்தான் வரும். ஆள் பிடித்துக்கொடுக்கும் காண்ட்ராக்டரிடம் பாதிக் கையெழுத்தை அடகு வைத்திருக்கும் தலைவருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

பதவியின் மதிப்பு ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அதை ஏலம் போடுகிறார்கள். 2019 டிசம்பரில் சாத்தூர் பக்கம் கோட்டைப்பட்டியில், ஊராட்சிப் பதவியை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பதை எதிர்த்துக் கேட்ட ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். வாக்குப் பதிவுக்கு முன்பே அந்தத் தேர்தலில் ஓர் உயிர் போனது.

"ஒதுக்கீட்டில் வருகிறவர்கள் பினாமிகள்தானே, பிறகு எதற்கு?" என்பது வழக்கமான கேள்வி. பினாமியை உருவாக்கும் எந்திரத்தைத்தான் இவ்வளவு நேரம் விவரித்தேன். வாக்கைச் சிதறடிப்பீர்கள், கூலியைக் கையில் வைத்துக்கொள்வீர்கள், காசோலையைப் பாதியாக வெட்டுவீர்கள், கடைசியில் "இவர் சுயமாக இயங்கவில்லை" என்று தீர்ப்பும் எழுதுவீர்கள்! "இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. தடுத்திருந்தால் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஊழலே இருந்திருக்கக் கூடாது. கணக்கைத் தணிக்கை செய்ய அரசிடம் தனித் துறையே இருக்கிறது. தலித் தலைவரின் கையைப் பிடித்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவர் தேவையில்லை.

ஒதுக்கீடு செல்லாது என்று நினைத்தவர்கள் அதையும் கேட்டுப் பார்த்தார்கள். ஒரே பதவியை ஒதுக்குவது நூறு சதவீத ஒதுக்கீடு, அது கூடாது என்று வாதிட்டார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை, தலைவர் பதவி ஒதுக்கீடு செல்லும் என்றது. நாற்காலி சட்டத்தில் பத்திரமாக இருக்கிறது. அதில் உட்காருகிறவர் தரையில் இருக்கிறார். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்தே கூட்டம் நடத்தினார்கள். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர நாளில் தலைவரைக் கொடியேற்றவிடவில்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே, பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. சொந்த ஊராட்சியில் கொடிக்கயிற்றை இழுக்கக் கோட்டையிலிருந்து கடிதம் வேண்டும். இதுதான் சமூக நீதி மண்!

இந்த நோயை அண்ணல் அம்பேத்கர் 1932-லேயே கண்டறிந்தார். தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை அவர் கேட்டார், கிடைத்தது, காந்தியின் உண்ணாவிரதம் அதைப் பறித்தது. செப்டம்பர் 24 புனா ஒப்பந்தம் இடங்களைக் கூட்டிக் கொடுத்தது, தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44 தனித்தொகுதிகள். எங்கள் மாவட்டத்தில் 2008 மறுவரையறைக்கு முன் இராஜபாளையம் தனித்தொகுதி, அதன்பின் திருவில்லிபுத்தூர். தொகுதி இடம் மாறியது, உறுப்பினரின் கழுத்தில் கட்சி கட்டிய கயிறு மாறவில்லை. அந்த 44 பேரில் எத்தனை பேர் துணைத்தலைவர் கையெழுத்து பற்றிச் சட்டமன்றத்தில் பேசினார்கள் என்று அவரவர் தொகுதி மக்கள் கேட்க வேண்டும். எல்லாக் கட்சிகளுக்கும் இது பொருந்தும், நம்முடைய இயக்கங்களுக்கும் பொருந்தும். கொலை நடந்தால் சாலை மறியல் செய்கிறோம். வார்டு வரைவு ஒட்டப்பட்டால் போய்ப் படிக்கிறோமா?

கோரிக்கைகள் பெரியவை அல்ல, அரசியலமைப்புத் திருத்தம்கூட வேண்டியதில்லை. மாநில அரசே செய்யலாம். ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்கும் இடங்களில் துணைத்தலைவரின் இணைக் கையெழுத்தை நீக்கி, அந்த இடத்தில் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்ட அரசு அலுவலரை வைக்க வேண்டும். ஒரு காலனியை ஒன்றுக்கு மேற்பட்ட வார்டுகளில் உடைக்கக் கூடாது, உடைக்க நேர்ந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மறுவரையறை விதிகளில் சேர்க்க வேண்டும். வரைவைத் தெருவாரியான மக்கள் கணக்கோடு காலனியிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வாய்விட்டுப் படித்துக் காட்டி ஆட்சேபம் வாங்க வேண்டும். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும்.

நான்காண்டு, ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரை வாக்களிக்கவோ மனுத் தாக்கல் செய்யவோ விடாமல் தடுப்பது குற்றம். ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருப்பவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பதும் அதே 3(1) பிரிவில் குற்றம். காசோலையை வேண்டுமென்றே பத்து நாள் திண்ணையில் வைத்திருப்பது அந்தக் குற்றத்தில் வராதா? வரும் என்று வாதிட வேண்டும். வழக்கறிஞர் தோழர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். 2024 தீர்ப்பு திறந்த சிறு கதவின் வழியாக ஒரு சேரியின் வரைபடமும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

தொகுதி மறுவரையறையை எதிர்த்து அடுத்த கூட்டத்தை எந்த முதல்வர் கூட்டினாலும் நாம் ஆதரிப்போம். மேடைக்குப் பின்னால் மாட்டும் இந்திய வரைபடத்தோடு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊராட்சிகளின் வார்டு வரைபடங்களையும் மாட்டச் சொல்வோம். அந்த அக்காவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. கடைசியாக நான் பார்த்தபோது காலை ஏழு மணிக்கு வேனுக்காக நின்றுகொண்டிருந்தார். "அடுத்த தடவையும் நிப்பீங்களா அக்கா?" என்று கேட்டேன். "நிப்பேன். மொத வார்டை ஒண்ணாச் சேர்க்கச் சொல்லு தம்பி" என்றார்.